ஹலீம் ராவுத்தரின் கம்ப்யூட்டர் பஸ்

காரைக்குடி செக்காலை ரோட்டில் அப்துல் ஹலீம் ராவுத்தருக்கு ஒரு டயர்க் கடையும் இரண்டு பஸ்களும் இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இரண்டும் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வழியாக நேமத்தான்பட்டிக்குப் போய்த் திரும்பும். போகும், திரும்பும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்போது என்று கேட்டால்தான் கண்டக்டர் வயிரவன்கூட வானத்தைப் பார்ப்பான். பெர்மிட்டில் கடைசி ட்ரிப் ஒன்று எழுதியிருந்தது. அந்த ட்ரிப் ஒருநாளும் ஓடியதில்லை. அதற்குள் பொழுது அடைந்துவிடும்.

எழுபத்து நான்காம் வருஷம் ராவுத்தர் தன் மகள் ஜரீனாவைத் தன் அக்காள் மகன் அமீர் ஹம்சாவுக்குக் கட்டிக்கொடுத்தார். அமீர் சென்னையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தான். அந்த இயந்திரம் ஒரு ஹால் முழுக்க உட்கார்ந்திருக்கும் என்றும், அதற்கு எப்போதும் குளிர்காற்று வேண்டும் என்றும் அவன் சொன்னதிலிருந்து, ராவுத்தர் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அதைப் பற்றியே பேசினார்.

"அது குளுகுளுன்னு ஏசி ரூம்ல இருக்கு. எனக்குத் தலைக்கு மேல ஒரு காத்தாடி கூடக் கிடையாது. மாப்ளைக்கு வேலை யாருகிட்ட பாருங்க!"

கல்யாணம் முடிந்த வாரம் விருந்துச் சாப்பாட்டின்போது பஸ் பேச்சு வந்தது. புதுக்கோட்டைக்காரர் ஒருவருடைய வண்டி முன்னால் போய் ஆட்களை அள்ளிக்கொள்கிறது என்று ராவுத்தர் குறைப்பட்டுக்கொண்டார். அமீர் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, "மாமா, இது ஒரு சின்னக் கணக்கு. கம்ப்யூட்டர்ல போட்டா உங்க ரெண்டு வண்டியும் ரயில் மாதிரி ஓடும்" என்றான். சின்னக் கணக்கு என்று அவன் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். பரிமாறிக்கொண்டிருந்த ஜரீனாவும் கேட்டாள்.

அமீர் சொன்னால் செய்கிற ஆள். சென்னைக்குத் திரும்பியதும் கல்லூரி வேலை முடிந்தபின் உட்கார்ந்து புரோகிராம் எழுதினான். ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு வரைபடம் இருந்தது. வண்டி என்ன வேகத்தில் போகும் என்பதற்கு, நண்பன் ஒருவனுடைய மோட்டார் சைக்கிளில் அந்த ரோட்டில் போன அனுபவம் இருந்தது. ஒரு ஆள் பஸ்ஸில் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு மட்டும் எங்கும் விடை கிடைக்கவில்லை. திருவல்லிக்கேணியில் டவுன் பஸ் ஒன்றில் தானே ஏறி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, மூன்று விநாடி என்று குறித்துக்கொண்டான். நியாயமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு விநாடி கூட்டிப் போட்டான். அந்தப் பெருந்தன்மையில் அவனுக்கே ஒரு திருப்தி.

அட்டைகளில் துளை போட்டு உள்ளே அனுப்பினான். இயந்திரம் கடகடவென்று அகலமான தாளில் அச்சடித்துத் தள்ளியது. பழைய வழக்கத்தில் ஓடாமல் நின்ற கடைசி ட்ரிப் இதில் சாவகாசமாக ஓடி முடிந்தது. நேமத்தான்பட்டியில் டிரைவர் டீ குடிக்கக்கூட நேரம் மிச்சம் இருந்தது.

பத்து நாள் லீவு போட்டு, அந்தத் தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அமீர் காரைக்குடியில் வந்து இறங்கினான். ராவுத்தர் அதை டயர்க் கடைச் சுவரில் ஒட்டினார். டிரைவர் முத்துக்கருப்பனையும் வயிரவனையும் கூப்பிட்டு, "இதுல போட்டிருக்கிற நேரத்துக்கு வண்டி எடுக்கணும். அப்பச்சி வாராக, ஆச்சி வாராகன்னு எவனாச்சும் நிப்பாட்டுனீகன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றார்.

முத்துக்கருப்பன் தாளை மேலும் கீழும் பார்த்தார். "சரிங்க ராவுத்தரே. நமக்கென்ன. ரோடு காலியா இருந்தா நான் ஓட்டிருவேன்" என்றார்.

முதல் நாள் பச்சை வண்டியில், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அமீர் உட்கார்ந்தான். வண்டி குறித்த நேரத்துக்குக் கிளம்பியது. கோட்டையூருக்கு நேரத்துக்குப் போனது. பள்ளத்தூருக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டது. அவன் மனம் குளிர்ந்துபோய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தான். வண்டிக்குள் ஒரு கிழவரும், யாரோ அனுப்பிய இரண்டு ஆட்டுக்குட்டிகளும் இருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே, கிளம்பிய புழுதிக்குள், ஆட்கள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் பழக்கமாகவில்லை, நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

கானாடுகாத்தானில் மெய்யம்மை ஆச்சியின் வீட்டு முன்னால் வண்டி நின்றது. அன்றைக்கு ஆச்சி நேமத்தான்பட்டியில் மகளின் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். மகள் முதல் பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். மணகோலமும் அதிரசமும் சீப்புச் சீடையுமாகப் பலகார டின்கள் வாசலில் வரிசையாகத் தயாராக இருந்தன. வீட்டு வேலைக்காரர் வீரணன் அவற்றை ஒவ்வொன்றாக வண்டிக்குள் ஏற்றினார். கடைசி டின்னை ஏற்றிவிட்டு, "ஆச்சி சேலை மாத்திட்டு வந்துக்கிட்டே இருக்காக" என்று உள்ளே ஓடினார்.

முத்துக்கருப்பன் ஹாரன் அடித்தார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. வெகு தூரத்திலிருந்து வந்த குரல். பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"தம்பி, என்ன செய்ய?" என்றார் முத்துக்கருப்பன்.

அமீர் கடிகாரத்தைப் பார்த்தான். பள்ளத்தூரில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் டின் ஏற்றியதில் போய்விட்டது. "எடுங்க" என்றான்.

வண்டி கிளம்பியது. நேமத்தான்பட்டிக்குப் பலகாரங்கள் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை இறக்கிக்கொள்ள அங்கே யாருக்கும் சொல்லி வைத்திருக்கவில்லை. யார் வீட்டுப் பலகாரம், யார் வீட்டுக்கு என்று வயிரவனுக்குத் தெரியும். ஆனால் ஆச்சி இல்லாமல் டின்னை மட்டும் சம்பந்தி வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அது வேறு அர்த்தமாகிவிடும் என்றும் அவனுக்குத் தெரியும். டீ குடிக்கிற நேரம் முழுக்க யோசித்துவிட்டு, டின்களை அப்படியே திருப்பிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தான்; வழியில் ஆச்சி வீட்டில் இறக்கத் தாளில் நேரம் இல்லை. சாயங்காலம்வரை டயர்க் கடையில் ரப்பர் வாசனையும் அதிரச வாசனையும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

மெய்யம்மை ஆச்சி மாட்டுவண்டி பிடித்து, கையை வீசிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தார். மகள் மாசமாக இருக்கும் வீட்டுக்கு ஒரு முறுக்குக்கூட இல்லாமல் போவது என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. சம்பந்தியம்மாள் ஒன்றும் சொல்லவில்லையாம். "வாங்க, வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிங்க" என்றாராம். அதற்குப் பதிலாக நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று ஆச்சி பின்னால் சொன்னார்.

மறுநாள் ஆச்சி செக்காலைக்கு வந்தார். ராவுத்தர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆச்சி உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

"இதானா ராவுத்தரே, ஒங்க மாப்ளை கொண்டாந்தது?"

"ஆமா ஆச்சி. தப்பு நடந்து போச்சு. பெரிய மனசு பண்ணணும்."

ஆச்சி அமீரைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் கோபம் தெரியவில்லை.

"ஏன் தம்பி, இந்தக் கம்ப்யூட்டரு எங்க வீட்டுக்கு வந்திருக்கா?"

"இல்லீங்க ஆச்சி. அது மெஷின். நகராது."

"நீங்க வந்திருக்கீகளா?"

"இல்லீங்க."

"அதான பாத்தேன். நாளைக்குச் சாப்பிட வாங்க. அடுப்படியில உக்கார வச்சுச் சாப்பாடு போடுறேன். சாப்பிட்டுட்டு, வாசல்ல ஹாரன் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வந்து வண்டியில ஏறுங்க. பாப்போம்."

அன்று மாலை ஜரீனா மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அமீர் அவளிடம் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வந்தான். முழுக்கக் கேட்டுவிட்டு அவள், "மச்சான், ஒண்ணு கேக்கவா? ஒரு ஆளு ஏற இம்புட்டு நேரம்னு யாரு சொன்னது?" என்றாள்.

"நானே ஏறிப் பாத்தேன்."

"கையில என்ன வச்சிருந்தீக?"

"ஒண்ணுமில்ல. ஒரு புஸ்தகம்."

"இடுப்புல பிள்ள?"

"விளையாடாத ஜரீனா."

"சேல கட்டியிருந்தீகளா?"

அவள் அவனுடைய சட்டை ஒன்றை உதறி மடித்தாள். "அப்ப காரைக்குடியில இருந்து நேமத்தான்பட்டி வரைக்கும் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நீங்களே நிக்கிறீகன்னு நெனச்சுக் கணக்குப் போட்டிருக்கீக. எனக்கு ஒரு மச்சானே போதும்" என்று சொல்லிச் சிரித்தாள். அவனுக்கு ரோஷமாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பும் வந்தது. அவள் சொன்ன காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை: ஒவ்வொரு புளியமரத்தடியிலும் பேன்ட் போட்டு, கையில் கடிகாரம் கட்டி, புத்தகத்தோடு நிற்கிற ஒரு அமீர் ஹம்சா.

மறுநாள் ஆச்சி வீட்டுக்குப் போனான். முன்வாசலில் நுழைந்தவனை வீரணன் அழைத்துப் போனார். முகப்பைத் தாண்டி முற்றமும் தூண்களுமாக வளவு, வளவைத் தாண்டி இரண்டாம் கட்டு, அதைத் தாண்டி இன்னொரு முற்றம். அடுப்படி வந்து சேர்ந்தபோது அவன் அடுத்த தெருவுக்கே வந்துவிட்டிருந்தான். உண்மையாகவே பின்வாசல் அடுத்த தெருவில்தான் இருந்தது. ஆச்சி இலை நிறையப் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது எங்கோ ஹாரன் கேட்டது. அப்படியே விரைந்தான். ஒரு கதவைத் திறந்தால் அரிசி மூட்டைகள். இன்னொன்றைத் திறந்தால் மாடிப்படி. வெயிலில் காய்ந்த மிளகாயை மிதிக்காமல் சுற்றிப் போய், மூச்சு வாங்க முகப்புக்கு வந்தபோது பச்சை வண்டியின் புழுதி மட்டும் தெருவில் நின்றது. சொன்னது சொன்னபடி, முத்துக்கருப்பன் நேரத்துக்கு எடுத்துப் போய்விட்டார்.

"செருப்பு வேற போடலை நீங்க" என்றார் பின்னாலேயே நிதானமாக வந்த ஆச்சி. "எனக்கு வயசு அம்பது."

மீதி லீவு நாட்களில் அமீர் வண்டியிலேயே சுற்றினான். முதலில் பயணிகளிடம் நேராகக் கேட்டான். "பஸ்ல என்ன குறை இருக்கு, சொல்லுங்க." எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "ஒண்ணும் குறையில்ல தம்பி. ராவுத்தர் வண்டிக்கு என்ன குறை!" ராவுத்தர் மருமகனின் முகத்துக்கு நேரே அவர் வண்டியைக் குறை சொல்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. அதனால் கேட்பதை விட்டுவிட்டு, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தான். ஒருத்தி பிள்ளையை வயிரவனிடம் கொடுத்துவிட்டுக் கூடையை ஏற்றினாள், பிறகு தான் ஏறினாள், பிறகு பிள்ளையை வாங்கினாள். பள்ளத்தூரில் ஒருவர் ஒரு காலைப் படியில் வைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, பின்னால் வருகிற மச்சினனுக்காக வண்டியைத் தன் உடம்பாலேயே பிடித்து நிறுத்தியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் முன்னால் ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் வண்டி ஐந்தாறு விநாடி நின்று கிளம்பிப் போனது. அதைப் பார்த்தபோது அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. பிறந்ததிலிருந்து ஜும்ஆவுக்குப் போகிறவன் எழுதிய புரோகிராமுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

லீவு முடிந்து கிளம்பும்போது, "மாமா, நான் போய்த் திருத்திக் கொண்டுவாரேன். அதுவரைக்கும் பழையபடி ஓட்டுங்க" என்றான்.

"அதெல்லாம் இல்ல மாப்ளே. எனக்கு வேணும்னா பழசு, வேண்டாம்னா புதுசுன்னு ஓட்டுனா ஊரு சிரிக்கும். நீங்க புதுத் தாள் கொண்டாங்க, மாத்துவோம்" என்று ராவுத்தர் முடித்துவிட்டார். ஆச்சி வீட்டுக்கு மட்டும் ஒரு விலக்கு என்று வயிரவனிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அமீர் திரும்பி வந்தான். இந்த முறை தாள் இன்னும் அகலம். அதில் பிள்ளைக்கு நேரம் இருந்தது, கூடைக்கு நேரம் இருந்தது, ஜும்ஆ இருந்தது, சந்தை நாள் இருந்தது. நீள வீடுகளுக்கு அடுப்படியிலிருந்து நடந்து வர நேரம் இருந்தது. கடைசி ட்ரிப் மறுபடி இருட்டுக்குள் போய்விட்டது. அதைப் பற்றிக் கவலைப்படாமல், இதுதான் மனிதர்களுக்கான கணக்கு என்று பெருமையோடு சுவரில் ஒட்டினான்.

பெருநாள் முடிந்து இரண்டாம் நாள், பள்ளத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நாகம்மை டயர்க் கடைக்குள் வந்தாள். முப்பது வயதுக்காரி. வரும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"யாரு இங்க கம்ப்யூட்டரு? நீங்களா?"

"நான் அமீர்."

"போன மாசம் பூராவும் வண்டி டாண்ணு வந்துச்சு. நான் டூட்டிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்து நின்ன காலம் போயி, கஞ்சி குடிச்சுட்டுக் கிளம்பி வந்தேன். இன்னைக்கு வண்டி கோட்டையூர்ல ஒருத்தரு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே இருக்கு. கேட்டா, அவுக நடந்து வரணுமாம், புதுத் தாள்ல போட்டிருக்காம். அவுக ஊர்லயே இல்லீங்க! வீடு பூட்டிக் கெடக்கு! பூட்டுன வீட்டுக்கு முன்னாடி வண்டி நின்னுச்சு!"

கடையில் டயர் பார்க்க வந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ராவுத்தர் மேசை மேல் இல்லாத தூசியைத் தட்டினார்.

"நீங்க... பழைய தாள் நல்லா இருந்துச்சுன்னு சொல்றீகளா?" என்றான் அமீர்.

"ஊர்ல பாதிப் பேரு கடிகாரம் வாங்கிட்டாக தம்பி. என் வீட்டுக்காரருகூட வாங்கியிருக்காரு. அவருக்கு மணி பாக்கத் தெரியாது, அது வேற."

அமீர் உட்கார்ந்துவிட்டான். முதல் தாளில் ஊர் முழுக்கத் தன்னை நிறுத்தி வைத்தான். இரண்டாவதில் தன்னை இறக்கிவிட்டு, ஊர் முழுக்க மெய்யம்மை ஆச்சியை நிறுத்தி வைத்திருக்கிறான். ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பெரிய இயந்திரம், இரண்டு பெட்டி அட்டை, ஒரு மாத வேலை.

அன்று சாயங்காலமே ஆச்சியும் வந்து சேர்ந்தார். மகளுக்குக் காரைக்குடியில் லேடி டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழி. நாகம்மையும் இன்னும் நாலு வார்த்தை மிச்சம் இருந்ததால் திரும்ப வந்திருந்தாள். ராவுத்தர் எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். வண்டி நிற்க வேண்டும் என்று ஆச்சியும், நிற்கக் கூடாது என்று நாகம்மையும் டீ ஆறும் வரை வாதாடினார்கள். இருவரும் மாறி மாறி அமீரைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க தம்பி" என்றார்கள். அவனுக்கு இருவர் சொல்வதும் சரியாகப் பட்டது. இப்படி ஒரு நிலைமைக்கு அவன் படித்த படிப்பில் கட்டளை எதுவும் இல்லை.

வாசலில் அடுத்தடுத்து நின்ற பச்சையையும் சிவப்பையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, வண்டி ரெண்டு இருக்குல்ல?"

"ஆமா, ரெண்டுக்கும்தான வரி கட்டுறேன்."

"பச்சை நேரத்துக்கு ஓடட்டும். யாருக்கும் நிக்க வேணாம். சிவப்பு பின்னால வரட்டும். யாருக்கு வேணும்னாலும் நிக்கட்டும்."

ராவுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு ஏசி ரூம் தேவைப்படலையே மாப்ளே" என்றார்.

அப்படித்தான் ஓடியது. பச்சைக்கு ஊரில் கம்ப்யூட்டர் பஸ் என்று பெயர் வந்தது, கம்ப்யூட்டர் இரண்டு வண்டிக்கும் போட்ட நேரங்களில் தன் பாதியை மட்டும்தான் அது வைத்துக்கொண்டது என்றாலும். சிவப்புக்கு ஆச்சி பஸ் என்று பெயர். முந்திப் போகிற புதுக்கோட்டை வண்டிக்கும் இந்தப் பக்கத்தில் ஆள் குறைந்தது. அவசரக்காரர்களைப் பச்சை எடுத்துக்கொண்டது, மற்றவர்களைச் சிவப்பு விட்டுவைக்கவில்லை. அமீர் இன்னொன்றையும் கவனித்தான். யார் எந்த வண்டிக்காரர் என்று மனதுக்குள் பிரித்து வைக்கலாம் என்று பார்த்தான், அதுவும் நடக்கவில்லை. மகளுக்கு நாள் நெருங்கியதும் மெய்யம்மை ஆச்சி பச்சை வண்டிக்கு வெகு முன்னதாகவே வந்து தெருமுனையில் நின்றார். ஒரு நாள் வண்டி லேசாகத் தாமதமானதற்கு முத்துக்கருப்பனை ஒரு பிடி பிடித்தாராம்.

தை மாதம் அமீருக்குச் சென்னையில் வீடு கிடைத்தது. ஜரீனாவை அழைத்துப் போவதற்கு முன் இருவரும் நேமத்தான்பட்டியில் அவளுடைய சிநேகிதி வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். திரும்பும்போது சிவப்பு வண்டி; வயிரவன்தான் இப்போது அதில் கண்டக்டர். பள்ளத்தூர் கடைத்தெருவில் வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"யாருக்கு நிக்குது?" என்று ஜரீனா எட்டிப் பார்த்தாள்.

மீன் கூடைகளுக்கு நடுவே நாகம்மை குந்தியிருந்தாள். விலை படியவில்லை. ஒரு விரால் மீனைத் தூக்கிப் பார்ப்பதும் போடுவதுமாக இருந்தாள். வண்டியைத் திரும்பிப் பார்க்காமலேயே, "இருங்கப்பா, வந்துட்டேன்! என்ன அவசரம் ஒங்களுக்கு!" என்று சத்தம் போட்டாள்.

அமீர் வாய் விட்டுச் சிரித்தான். நாகம்மை ஒருவழியாக ஏறி, அவனைப் பார்த்ததும் ஒரு விநாடி திகைத்தாள். பிறகு ஒன்றும் நடக்காதவள்போல் மீன் பையை அவன் காலடியில் வைத்தாள்.

"பாத்துக்கங்க தம்பி, உசுரோட இருக்கு, துள்ளும்" என்றாள். ஜரீனா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். வயிரவன் விசில் ஊதப் போனவன், தெருவின் அந்தக் கோடியிலிருந்து யாரோ கூடையோடு வருவதைப் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தான்.